இரண்டரை ஏக்கருக்கு எது பொருத்தம்: கையா, டிரம் சீடரா, கழுத்தில் மாட்டும் ஸ்பிரெடரா?

யூரியா போட்ட எட்டாம் நாள் வரப்பில் நின்று பார்த்தால், போட்டவர் எப்படி நடந்தார் என்பதை வயலே காட்டிக்கொடுத்துவிடும். போன குறுவையில் எங்கள் வயலில் கரும்பச்சையாக ஒரு பட்டை, வெளிறிய மஞ்சளாக அடுத்த பட்டை என்று மாறி மாறித் தெரிந்தது. இலைச்சுருட்டுப் புழு முதலில் வந்தது கரும்பச்சைப் பட்டையில்தான். கதிர் வந்தபின் சாய்ந்ததும் அதே இடம்தான். அளந்து வைத்த யூரியா முழுதும் வயலில் இறங்கியிருந்தது, பரவியதில்தான் கோளாறு.

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஏழரை மா, அதாவது இரண்டரை ஏக்கர். விதைக்கும் உரத்துக்கும் சேர்த்து ஒரே கருவி வாங்கிவிடலாம் என்றுதான் விசாரிக்கத் தொடங்கினேன். சேற்று நெல்லுக்கு அப்படி ஒன்று சரிப்பட்டு வராது என்பது இப்போது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

கை விதைப்பை நான் மட்டமாகப் பேச மாட்டேன். பழகிய கை என்றால் பாதி விதையை நெடுக்கில் வீசி, மீதியைக் குறுக்கில் வீசி, எந்தக் கருவியும் வெட்கப்படும்படி விதைத்துவிடும். ஆனால் அந்தக் கைகளுக்கெல்லாம் இப்போது அறுபது வயதுக்கு மேல். ஆற்றில் தண்ணீர் வந்த வாரத்தில் ஊரே அவர்களைத் தேடுகிறது. சேற்றில் நேரடி விதைப்புக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ, அதாவது ஏக்கருக்கு 24 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. பழகாத கை, முளைக்காமல் போய்விடுமோ என்ற பயத்திலேயே 35 கிலோ வரை கொட்டிவிடும்.

துளையுள்ள டிரம்களில் விதையை நிரப்பி இழுத்துக்கொண்டு போகிற டிரம் சீடரின் லாபம் இங்கேதான். நான்கு டிரம், எட்டு வரிசை, வரிசைக்கு வரிசை 20 செ.மீ. ஒரே ஆள் இழுத்துக்கொண்டு போகலாம். எங்களுக்கு ஏக்கருக்கு 12 கிலோ விதையில் முடிந்தது. வரிசையாக முளைப்பதால் நடுவில் கோனோ வீடர் என்கிற, கையால் தள்ளும் களைக்கருவியை ஓட்டிக் களையும் எடுக்கலாம். களையெடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் விதை மிச்சத்தைவிட இதுவே பெரிய விஷயம்.

ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. பரம்படித்து வயலை மட்டமாக்கியிருக்க வேண்டும். தண்ணீரை வடித்து, மேலே மினுமினுப்பு மட்டும் இருக்கும்போது இழுக்க வேண்டும். விதையில் முளை மூக்கு மட்டும் எட்டிப்பார்க்க வேண்டும். நீண்டுவிட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துளையை அடைத்துவிடும். டிரம்மை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் உள்ளே விதை புரளாது, சரியாகக் கொட்டாது. விதைத்த அன்று ராத்திரியே பெருமழை பிடித்தால் வரிசையெல்லாம் கலைந்துவிடும். அதற்கு மருந்தே இல்லை. போகத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் வேலைக்கு இதைச் சொந்தமாக வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுக்கலாம், அல்லது நான்கு பேர் சேர்ந்து வாங்கலாம்.

உரம் வேறு கதை. தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது என்று ஒரு போகத்தில் மூன்று நான்கு முறை இறங்க வேண்டியிருக்கிறது. அடிக்கடி எடுக்கிற பொருளைத்தான் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். அதனால்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டு கையால் சுற்றுகிற ஸ்பிரெடரை வாங்கினேன். பத்துப் பன்னிரண்டு கிலோ பிடிக்கும் பை, அடியில் திறப்பை மாற்றும் தகடு, அதற்குக் கீழே சுழலும் வட்டு. அவ்வளவுதான் அமைப்பு, விலையும் சில ஆயிரம்தான்.

வாங்கியதும் நேரே வயலுக்குப் போய்விடாதீர்கள். நான் களத்தில் ஏழு சாப்பாட்டுத் தட்டுகளைக் குறுக்கே ஒரு வரிசையாக வைத்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே நடுத்தட்டைத் தாண்டி நடந்தேன். வலப்பக்கத் தட்டுகளில் உரக் குருணை நிறைய, இடப்பக்க ஓரத்தில் எண்ணி ஏழெட்டு. வட்டு ஒரே திசையில் சுழல்வதால் ஒரு பக்கம் கூடுதலாகத்தான் விழும். அதற்கு வழி, பாதி உரத்தை நெடுக்கிலும் பாதியைக் குறுக்கிலும் போடுவது. பழகிய கை செய்ததும் இதைத்தானே.

அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. ஏக்கருக்கு 25 கிலோ யூரியா என்றால் சென்ட்டுக்குக் கால் கிலோ. ஒரு சென்ட் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். வரப்பில் 4 மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, அந்தக் குச்சிகளைப் பார்த்து நடந்தால், 10 மீட்டர் நடை ஒரு சென்ட். ஒரு திசைக்குப் பாதிதானே, ஆக 40 மீட்டர் நடந்தால் பையில் அரைக் கிலோ குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் திறப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். அப்புறம், சேற்றில் கால் மாட்டிக்கொண்டால் உடனே தகட்டை மூடிவிட வேண்டும். நீங்கள் நின்றாலும் உரம் நிற்காது.

இதற்கும் குறைகள் உண்டு. யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கை 5:4:1 என்று கலந்து ராத்திரி வைத்துப் போடுகிறோமே, அந்த ஈரக் கலவை இதில் இறங்கவே இறங்காது. அதற்குக் கைதான். யூரியாவையும் பொட்டாஷையும் ஒன்றாகக் கொட்டினால் ஒன்று தூரத்தில் விழும், இன்னொன்று கிட்டத்தில் விழும். தனித்தனியாகவே போடுங்கள். காலையில் பனி இலையில் இருக்கும்போது யூரியா ஒட்டிக்கொண்டு இலையைக் கருக்கும், காற்று எழுந்துவிட்டால் குருணை அடுத்தவர் வயலுக்குப் போகும். எனக்குச் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான் ஒத்துவருகிறது.

தள்ளுவண்டி ஸ்பிரெடர் சேற்றில் புதைந்துபோகும், அது புன்செய்க்குத்தான். பெட்ரோலில் ஓடும் பவர் ஸ்பிரேயரில் குருணை தூவும் குழாய் மாட்டலாம். வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீளக் குழாயின் மறுமுனையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், முதுகில் பாரமும் அதிகம். ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவர்கள் யோசிக்கலாம்.

ட்ரோன் எங்களைப் போன்றவர்கள் சொந்தமாக வாங்குகிற பொருள் இல்லை, ஓட்டுவதற்குச் சான்றிதழும் வேண்டும். ஆனால் ஒரு வேலைக்கு அதைக் கூப்பிடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் பயிருக்குள் உளுந்து தெளிக்கிறோம். முற்றிய கதிருக்குள் ஆள் இறங்கினால் மிதிபடும், மணி உதிரும். ஸ்பிரெடரை மாட்டிக்கொண்டு நடந்தாலும் அதே சேதம்தான். மேலிருந்து தூவும்போது அது இல்லை. மிகவும் தாழப் பறக்கவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், காற்றழுத்தத்தில் கதிர் சாயும்.

ஸ்பிரெடரை வாங்கப்போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. உள்ளே இருக்கும் பல்சக்கரம் இரும்பா, நைலானா என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், இரும்பு தாங்காது. ஒரு நாள் களைப்பில் கழுவாமல் மாட்டுக்கொட்டகையில் தொங்கவிட்டுவிட்டேன். காலையில் தகடு இறுகிப்போய் அசையவில்லை, வெந்நீர் ஊற்றி ஊற்றித்தான் பிரித்தேன். இப்போதெல்லாம் வாய்க்காலிலேயே அலசி, வெயிலில் காயவைத்த பிறகுதான் உள்ளே போகிறது.