வாங்கிய 412 பாடல்கள் கைவிட்டுப் போன கதை: இணைய இசைக்கடைகளில் பணம் கட்டுமுன் படியுங்கள்

பாட்டோ படமோ புத்தகமோ இணையத்தில் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2005 முதல் 2008 வரை அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வேலையிலிருந்தபோது, அங்கிருந்த ஓர் இணைய இசைக்கடையில் சிறுகச் சிறுக 412 பாடல்களை வாங்கினேன். ஒன்று 99 சென்ட்; மொத்தம் 407 டாலருக்கு மேல். அவற்றில் ஒரு குறுந்தகட்டில் ஏற்றிவைத்த 17 நீங்கலாக மற்ற எதையும் இன்று என்னால் கேட்க முடியாது. கோப்புகள் எதுவும் தொலையவில்லை; எல்லாம் வன்தட்டில் அப்படியே கிடக்கின்றன. திறக்கத்தான் வழியில்லை.

அந்தக் கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அது மூடப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. பெயரைச் சொல்வதால் இனி யாருக்கும் பயனில்லை. அன்று என்னைக் கவிழ்த்த அதே ஏற்பாடு இன்றும் வேறு வேறு கடைகளில் தொடர்வதால் எழுதுகிறேன்.

இந்தக் கடைகள் முளைத்த காலத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1999-இல் நாப்ஸ்டர் என்ற பாடல் பகிர்வு மென்பொருள் வந்தபிறகு பாடல்களைக் காசில்லாமல் பரிமாறிக்கொள்வது கல்லூரி விடுதிகள்தோறும் பரவி, இசைத்தட்டு நிறுவனங்கள் அரண்டுபோயிருந்தன. அந்த நேரத்தில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐந்து பெரிய இசைத்தட்டு நிறுவனங்களையும் ஒப்புக்கொள்ள வைத்து, 2003 ஏப்ரல் 28 அன்று ஐடியூன்ஸ் இசைக்கடையைத் திறந்தார். இருந்தவை 2 லட்சம் பாடல்கள். முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாடல்கள் விற்றன. முழு ஆல்பத்தை வாங்காமல் பிடித்த ஒரு பாட்டை மட்டும் ஒரு டாலருக்கும் குறைவாக வாங்கலாம் என்பது அன்று பெரிய விஷயம். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மைக்ரோசாஃப்ட், யாஹூ, வால்மார்ட் எனப் பலரும் கடை போட்டார்கள். நான் வாங்கிய சிறிய கடையும் அப்படி வந்ததுதான்.

ஆனால் இசைத்தட்டு நிறுவனங்கள் ஒரு நிபந்தனையின் பேரில்தான் சம்மதித்திருந்தன. விற்கப்படும் ஒவ்வொரு கோப்பும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இதை டிஆர்எம், அதாவது டிஜிட்டல் உரிமை மேலாண்மை, என்பார்கள். கோப்பு நம் கணினிக்கு வந்துவிடும், ஆனால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி, அதாவது உரிமம், கடையின் சர்வரிலிருந்து தனியாக வரவேண்டும். அந்த உரிமம் ஒரு குறிப்பிட்ட கணினிக்கென்றே எழுதப்படும். கணினியை மாற்றினாலோ விண்டோஸை மறுபடி நிறுவினாலோ, பாடல் மீண்டும் சர்வரிடம் போய் உரிமம் கேட்கும். சர்வர் இருக்கும்வரை இது நம் கண்ணுக்கே தெரியாது. மூன்று ஆண்டுகள் எனக்கும் தெரியவில்லை.

என் மகள் அப்போது பியானோ கற்றுக்கொண்டிருந்தாள். வாங்கியவற்றில் பாதிக்கு மேல் அவளுக்காக வாங்கிய மேற்கத்திய செவ்வியல் பியானோ இசை. இரவு உணவுக்குப் பிறகு அவள் ஒரு பகுதியைச் சொல்வாள், நான் தேடி எடுப்பேன், இருவரும் முப்பது நொடி மாதிரியைக் கேட்டுவிட்டு வாங்குவோம். எனக்குப் பணத்தைவிட அந்த மாலைகள்தான் பெரிதாகத் தோன்றுகின்றன.

2008 இலையுதிர்காலத்தில் பழைய மடிக்கணினியின் வன்தட்டு நின்றுபோனது. பயப்படவில்லை, எல்லாவற்றுக்கும் வெளிவன்தட்டில் நகல் வைத்திருந்தேன். புதிய கணினியில் ஏற்றியதும் பட்டியல் முழுதும், பாடலின் பெயர், கலைஞர், நீளம், அட்டைப்படம் உட்பட அழகாக வந்து நின்றது. முதல் பாடலை அழுத்தினேன். ஒரு சிறிய சாளரம் திறந்து, இந்தக் கோப்பை இயக்க உரிமம் தேவை, பெறப்படுகிறது என்றது. ஒரு நிமிடம் போல வட்டம் சுற்றியது. பிறகு, இணைக்க முடியவில்லை என்றது. அடுத்த பாடலுக்கும் அதே சாளரம், அதற்கடுத்ததற்கும் அதே. மகள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏறக்குறைய நாற்பது பாடல்களை அழுத்திப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

கடைக்கு எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. உரிம சர்வர் இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டதாகவும், 30 நாள் முன்னறிவிப்பு பதிவுசெய்த மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட்டதாகவும், விதிமுறைகளின்படி பணம் திருப்பித் தர இயலாது என்றும் நான்கு வரியில் முடித்திருந்தார்கள். பதிவுசெய்த மின்னஞ்சல் நான் அந்த வசந்தத்தில் விட்டுவந்த பழைய அலுவலகத்தின் முகவரி. அந்த அறிவிப்பு என் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தாலும் அவர்கள் காட்டிய ஒரே வழி, பாடல்களைக் குறுந்தகடுகளில் எழுதி அதிலிருந்து திரும்பக் கணினிக்கு ஏற்றிக்கொள்வது. அதற்கு இருபதுக்கும் மேற்பட்ட தகடுகள் வேண்டும். மறுபடி சுருக்கும்போது ஒலித்தரம் குறையும். இடைவெளியின்றி ஒன்றோடொன்று சேர்ந்தோடும் இசைப்பகுதிகளுக்கு நடுவே இரண்டு நொடி மௌனம் விழும். காருக்காக எழுதிய என் ஒரே தகட்டில் அந்த மௌனங்கள் இன்றும் இருக்கின்றன.

எனக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்கவேண்டாம். 2006-இல் விற்பனையை நிறுத்திய மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக், 2008 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதி, ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதிய கணினிகளுக்கு உரிமம் தரப்படாது என்றது. பலத்த எதிர்ப்பு எழுந்த பிறகே அந்தச் சேவையை 2011 இறுதிவரை நீட்டித்தார்கள். யாஹூ 2008 ஜூலையில் இதேபோல் அறிவித்து, கண்டனத்துக்குப் பிறகு ஈடு தர முன்வந்தது. வால்மார்ட் செப்டம்பரில் அறிவித்து, பிறகு பின்வாங்கியது. பெரிய நிறுவனங்களுக்குப் பத்திரிகைகளின் கண்டனம் வலித்தது. என் கடை போன்ற சிறிய கடையை யாரும் கேட்கவில்லை. எம்எஸ்என் செய்தியை நான் அன்றே படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கடை திறந்துதானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அன்றிரவே தகடுகளில் எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.

இதில் என்னை அதிகம் வருத்துவது, பூட்டே தேவையில்லை என்பது அதற்குள் வெளிப்பட்டுவிட்டதுதான். 2007 ஏப்ரலில் இஎம்ஐ என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் பூட்டில்லாத பாடல்களுக்கு ஒப்புக்கொண்டது; அந்தச் செப்டம்பரில் அமேசான் பூட்டில்லாத எம்பி3 கடையைத் திறந்தது; 2009 ஜனவரியில் ஐடியூன்ஸும் தன் பாடல்கள் அனைத்தையும் பூட்டில்லாமல் தரப்போவதாக அறிவித்தது. அதன்பின் பாடல் விற்கும் கடைகளையே ஸ்ட்ரீமிங் ஓரங்கட்டியது என்பது அனைவரும் அறிந்தது.

கடை மூடுவதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வணிகத்தில் அது நடக்கும். நம் நாட்டிலேயே ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ஃபிளைட் என்ற இசைக்கடையைத் திறந்து, 2013 ஜூனில் மூடியது. ஆனால் அவர்கள் விற்றவை பூட்டில்லாத எம்பி3 கோப்புகள். வாங்கியவற்றைப் பதிவிறக்கிக்கொள்ள ஆகஸ்ட் வரை அவகாசமும் கொடுத்தார்கள். கடை ஒன்றரை ஆண்டுகூட நிலைக்கவில்லை, ஆனால் அன்று பதிவிறக்கி வைத்தவர்களின் பாடல்கள் இன்றும் பாடும்.

ஆகவே வாங்குமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: பணம் கட்டியபின் கோப்பு உங்கள் கைக்கு வருகிறதா, அந்தக் கடையின் செயலி இல்லாமல், இணையமே இல்லாமல், வேறொரு கருவியில் அது ஓடுகிறதா? ஒரே ஒரு பாடலை வாங்கிச் சோதியுங்கள். ஓடாவிட்டால், ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதியிருந்தாலும் நீங்கள் பெறுவது அவர்கள் விரும்பும்வரை செல்லும் அனுமதி மட்டுமே. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள ஒரு சட்டம், இப்படி உரிமம் மட்டும் தருபவர்கள் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. நிரந்தரமாகப் பதிவிறக்கிக்கொள்ளத் தருபவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. கணக்கு தொடங்கும்போது அலுவலக மின்னஞ்சலையும் கல்லூரி மின்னஞ்சலையும் கொடுக்காதீர்கள்.

அந்தக் காலத்துப் பூட்டிய பாடல்கள் உள்ள பழைய கணினி யாரிடமாவது இன்னும் இருந்தால், அதை ஃபார்மட் செய்யவோ பழைய பொருட்கள் கடையில் போடவோ வேண்டாம். அந்த இயந்திரத்தில் முன்பே பெற்ற உரிமங்கள் அதிலேயே இருக்கக்கூடும். இயக்கிப் பாருங்கள்; பாடினால், விண்டோஸில் எதையும் மாற்றாமல், முதல் வேலையாகக் குறுந்தகடுகளில் எழுதிக்கொள்ளுங்கள்.