ஒரே ஷூபர்ட்: நால்வர் வாசித்ததும் ஐம்பது பேர் வாசித்ததும்

சிலர் மட்டும் ஆளுக்கொரு வரி வாசிக்கும் சேம்பர் இசையா, பெரிய குழு வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவா, எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் டி மைனர் குவார்டெட்டை (தந்தி வாத்தியக்காரர் நால்வருக்கான படைப்பு), அதாவது ‘மரணமும் கன்னியும்’ என்று எல்லோரும் அழைக்கும் படைப்பை, இரண்டு வடிவத்திலும் நேரில் கேளுங்கள். 1824-ல் அவர் இதை இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செல்லோவுக்கு (இன்னும் பெரியது, தாழ்ந்த ஒலி) எழுதினார். பிற்பாடு இசையமைப்பாளர் மாலர் இதைத் தந்தி வாத்தியங்கள் மட்டும் உள்ள ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்ற ஆரம்பித்து, 1894-ல் ஹாம்பர்க்கில் இரண்டாம் பகுதியை மட்டும் அரங்கேற்றினார். அவருடைய குறிப்புகளை வைத்து முழு வடிவம் அச்சானது 1984-ல்தான்.

தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து ஓங்கி வாசிக்கும் இடம் ஆர்க்கெஸ்ட்ராவில் பிரமாதம். டபுள் பாஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலியுள்ள பெரிய வாத்தியம் அடியில் சேர்ந்துகொள்வதால் நாற்காலி வரை அதிர்கிறது. ஆனால் சத்தம் நாம் நினைக்கும் அளவுக்குக் கூடுவதில்லை. பத்து மடங்கு ஆட்கள் வாசித்தாலும் ஏறுவது சுமார் 10 டெசிபல், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. உண்மையில் மாறுவது ஒலியின் தன்மை. ஒரே வரியைப் பலர் வாசிக்கும்போது சுருதியிலும் நேரத்திலும் உள்ள மயிரிழை வித்தியாசங்கள் கலந்து ஒரு வழவழப்பு வந்துவிடும். அழகுதான், ஆனால் வில் தந்தியைக் கவ்வும் கரகரப்பு அதில் மறைந்துவிடுகிறது. இந்த இசைக்கு அந்தக் கரகரப்பு வேண்டும்.

இரண்டாம் பகுதியில், செல்லோ மேலேறிப் பாடும் அந்த இரண்டாவது வேரியேஷன் (ஒரே மெட்டை மாற்றி மாற்றி வாசிப்பதில் ஒன்று)! நான் கேட்ட குவார்டெட்டில் செல்லோக்காரர் ஒரு ஸ்வரத்தில் கொஞ்சம் நின்றார். முதல் வயலின்காரர் உடனே அவரைப் பார்த்தார், மற்ற இருவரும் மூச்சைப் பிடித்ததுபோல் காத்திருந்து சேர்ந்துகொண்டார்கள். முன்கூட்டிப் பேசி வைத்ததாகத் தெரியவில்லை. ஆர்க்கெஸ்ட்ராவில் இந்தச் சுதந்திரம் யாருக்கும் இல்லை. முன்னால் நின்று குழுவை வழிநடத்தும் நடத்துநரின் கை எப்போது அனுமதிக்கிறதோ அப்போதுதான் எல்லோரும் நகர முடியும்.

ஒரு விஷயத்தில் ஆர்க்கெஸ்ட்ராவை நால்வரால் நெருங்கவே முடியாது: மெல்லிய ஒலி. ஐம்பது பேர் வில்லைத் தொட்டும் தொடாமலும் இழுக்கும்போது இசை எங்கோ தொலைவிலிருந்து வருகிறது. அதற்காகவே மறுபடியும் போவேன்.

கடைசிப் பகுதியின் வேகம் மட்டும் எதிரொலி அதிகமுள்ள அரங்கில் குழம்பிவிட்டது.

இந்தப் படைப்புக்கு என் ஓட்டு குவார்டெட்டுக்கே. அதற்குச் சிறிய அரங்கம் பாருங்கள், முன்வரிசையில் உட்காருங்கள், விரல்கள் தெரிய வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடுவரிசை அல்லது பால்கனி. முன்னால் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் வயலின்கள்தான் கேட்கும், பாஸ் பின்தங்கிவிடும்.