மனோஸ்-6-பொஸ்பேட் வாங்கிக்கு எந்த அன்டிபொடி வாங்கலாம்?

வாங்கி என்றால் ரிசெப்டர், குறித்த ஒரு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் கலப் புரதம்; அன்டிபொடி, அந்தப் புரதத்தைத் தேடி ஒட்டிக் காட்டித்தரும் ஆய்வுகூடப் பொருள். கொழும்பு ஏஜென்டிடம் விலை கேட்பதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உங்களுக்கு வேண்டியது பெரிய வாங்கியா, சின்ன வாங்கியா? இலைசோசோமுக்கு (கலத்தின் செரிமானப் பைக்கு) போக வேண்டிய நொதியங்களைக் கொல்கியில் (கலம் புரதங்களைப் பிரித்து அனுப்பும் உறுப்பில்) இனம்கண்டு அனுப்பிவைக்கும் மனோஸ்-6-பொஸ்பேட் வாங்கிகள் இரண்டு இருக்கின்றன. பெரியது சுமார் 300 கிலோடால்டன், அதன் ஜீன் ஐஜிஎஃப்2ஆர். சின்னது சுமார் 46 கிலோடால்டன், ஜீன் எம்6பிஆர். பட்டியல்களில் எம்6பிஆர் என்று தலைப்புப் போட்டு உள்ளே பெரியதை விற்பதும் நடக்கிறது, அதனால் தலைப்பை நம்பாமல் ஜீன் பெயரையும் வெஸ்டர்னில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மென்சவ்வுக்கு மாற்றி, அன்டிபொடியால் தேடும் முறையில்) பட்டை எந்த எடையில் வரும் என்று போட்டிருப்பதையும் பாருங்கள்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் பெரியதைத்தான் சொல்வேன். வெளியிலிருந்து வரும் நொதியத்தைக் கல மேற்பரப்பில் பிடித்து உள்ளே எடுப்பது அதுதான், பொம்பே நோய்க்கு (ஒரு நொதியம் குறைவதால் தசையைப் பாதிக்கும் பரம்பரை நோய்க்கு) ஏற்றும் நொதியம் தசைக்குள் போவதும் அதன் வழியாகத்தான். இன்னொரு காரணம் வெறும் நடைமுறை. எலி ஈரலில் சின்ன வாங்கியைத் தேடினால் 46 கிலோடால்டன் பட்டை வரும் இடத்துக்குச் சற்று மேலே, 50இல், திசுவில் இருந்த இரத்தத்தின் இம்யூனோகுளோபுலின் (எலியின் சொந்த அன்டிபொடி) கனச்சங்கிலி வந்து நிற்கும். முதல் அன்டிபொடியும் சுண்டெலியில் செய்ததாக இருந்தால் அதன்மேல் ஒட்டி அதைக் காட்டித்தரும் இரண்டாம் அன்டிபொடி அந்தச் சங்கிலியையும் சேர்த்துப் பிடித்துவிடும், எது வாங்கி எது இரத்தம் என்று பிரிக்கவே முடியாது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் கல வளர்ப்பை விட எலித் திசுவில் வேலை செய்வது எளிது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, பெரியதுதான் என்று வைத்துக்கொண்டால் சந்தையில் மூன்று வகை உண்டு.

முயல் பொலிகுளோனல் பெரும்பாலும் விலை குறைவு, புரதத்தின் பல இடங்களைப் பிடிப்பதால் சூடாக்கிக் குலைத்த மாதிரியிலும் போமலினில் போட்ட திசுவிலும் ஏதோ ஒரு பட்டை, ஏதோ ஒரு நிறம் வரும். அந்த "ஏதோ ஒன்று" தான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த முயலின் சீரம் முடிந்தால் அடுத்த தொகுதி வேறு முயலிலிருந்து வரும், இரண்டாம் வருட மாணவி எடுத்த படத்தை நான்காம் வருடத்தில் திரும்ப எடுக்க முடியாமல் போகும். ஆராய்ச்சிப் பணம் துண்டு துண்டாக வரும் இடத்தில் இது பெரிய நட்டம்.

சுண்டெலி மொனோகுளோனல், அதாவது ஒரே கலவழியிலிருந்து (குளோனிலிருந்து) வந்து புரதத்தின் ஒரே இடத்தைப் பிடிப்பது, மனிதக் கலங்களில் ஒளிரும் சாய வேலைக்கு அருமையானது. ஆனால் பெரிய வாங்கியின் வெளிப்பகுதி இருசல்பைட்டுப் பிணைப்புகளால் கட்டப்பட்ட 15 ஒரேமாதிரித் துண்டங்கள், சில குளோன்கள் அந்த மடிப்பை மட்டுமே அடையாளம் காணும். பழக்கத்தில், அந்தப் பிணைப்புகளை உடைக்கும் மேர்கப்டோஎதனோலை ஊற்றிக் கொதிக்கவைத்தால் மடிப்பு அவிழ்ந்துவிடும், வெஸ்டர்னில் ஒன்றும் வராது, அன்டிபொடி செத்துவிட்டது என்று குப்பியைத் தூக்கிப் போடுவார்கள். ஒடுக்காத ஜெல்லில், அதாவது மேர்கப்டோஎதனோல் சேர்க்காமல், ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், பட்டை மட்டும் வழக்கமான இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்.

மூன்றாவது, முயல் ரீகொம்பினன்ட் மொனோகுளோனல். நான் வாங்குவதென்றால் இதைத்தான். அன்டிபொடியின் அமினோ அமில வரிசையே கையில் இருப்பதால் தொகுதிக்குத் தொகுதி மாறாது, எலித் திசுவில் மேலே சொன்ன இம்யூனோகுளோபுலின் தொல்லையும் பெருமளவு குறையும். விலை கூடத்தான். ஆனால் சின்னக் குப்பியாகக் கேட்டு வாங்கி இரண்டு ஆய்வுகூடங்கள் பங்கு போட்டால் கட்டுப்படியாகும். வாங்கும்போது உங்கள் விலங்கில் சோதித்தார்களா என்று கேளுங்கள், அதோடு ஜீனை நீக்கிய கலத்தில் பட்டை காணாமல் போகும் படம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தப் படம் இல்லாத ரீகொம்பினன்டை விட, அது இருக்கிற சுண்டெலிக் குளோனை நான் எடுப்பேன்.

புரதத்தின் எந்தப் பகுதிக்கு எதிராகச் செய்தார்கள் என்பதும் முக்கியம். வால் பகுதிக்கு, அதாவது சைற்றோபிளாச முனைக்கு எதிராகச் செய்தது உயிருள்ள கலத்தின் மேற்பரப்பைச் சாயமிட உதவவே உதவாது, அது கலத்துக்கு உள்ளே அல்லவா இருக்கிறது.

அப்புறம் நம்முடைய வெயில். கச்சான் அடிக்கும் மாதங்களில் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ஐஸ் பெட்டி வந்து சேர்வதற்குள் உள்ளே தண்ணீர்தான் மிஞ்சும். 50 சதவீதம் கிளிசரோல் கலந்த குப்பியைத் தேர்ந்தெடுங்கள். அது -20 பாகையிலும் உறையாது, மின்சாரம் போய் வந்தாலும் உறைந்து உருகும் சேதம் இல்லை. தானாகப் பனி நீக்கும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் எந்த அன்டிபொடியையும் வைக்க வேண்டாம், அது அடிக்கடி சூடாகிக் குளிரும்.

ஜீன் நீக்கிய கலம் நம் பக்கத்தில் யாரிடமும் சும்மா கிடைக்காது என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அது இல்லாமலும் ஓரளவு சோதிக்கலாம். இந்த வாங்கி நொதியத்தை எண்டோசோமின் (இலைசோசோமுக்குப் போகும் வழியிலுள்ள பையின்) அமிலத்தில் இறக்கிவிட்டுக் கொல்கிக்குத் திரும்பிவிடும், முதிர்ந்த இலைசோசோமில் தங்காது. ஆகவே நுணுக்குக்காட்டியில் கருவின் ஓரமாகத் திரண்டு தெரிய வேண்டும், இலைசோசோமைக் காட்டும் லாம்ப்1 சாயத்தோடு முழுக்க முழுக்க ஒட்டிப்போனால் உங்கள் அன்டிபொடி வேறெதையோ பிடிக்கிறது.

வெஸ்டர்னில் பட்டையே வரவில்லையென்றால் குப்பியைக் குறை சொல்ல முன் ஜெல்லையும் மாற்றலையும் பாருங்கள். 300 கிலோடால்டன் புரதம் 10 சதவீத ஜெல்லின் வாசலிலேயே நின்றுவிடும். 6 சதவீத ஜெல் ஊற்றி, மாற்றல் திரவத்தில் மெதனோலை 10 சதவீதத்துக்குக் குறைத்து, குளிர் அறையில் இரவு முழுக்கக் குறைந்த வோல்ட்டில் தொட்டியில் வைத்து மாற்றுங்கள். இவ்வளவு தாழ்ந்த ஜெல்லில், வழக்கமாக ஒப்பிடும் சின்னப் புரதமான ஜிஏபிடிஎச் கீழே ஓடிப்போய்விடும், ஒப்பீட்டுப் புரதமாக வின்கியூலினை எடுத்துக்கொள்ளுங்கள்.