பழைய கார்மின் நூவிக்குப் புது மேப்: பல வருட ஓட்டத்தில் தெரிந்தவை

காரில் வழிகாட்டும் ஜிபிஎஸ் பெட்டிகளான கார்மின் நூவி 200, 255, 1300, 40, 50 எல்லாம் இன்றும் பல கார்களின் டாஷ்போர்டு அறைக்குள் சும்மா கிடக்கின்றன. எடுத்துச் சார்ஜ் போட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும், சேட்டிலைட்டும் பிடிக்கும். சிக்கல் ரோட்டில்தான் தெரியும். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் போகும்போது திரையில் கார் சாலையே இல்லாத வெற்றிடத்தில் ஓடும். சென்னையில் வெளியூர் பஸ் நிலையம் கேட்டால் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கத்தைத் தெரியாமல் கோயம்பேட்டுக்கே இழுக்கும். பெட்டியில் குறை ஒன்றும் இல்லை, உள்ளே இருக்கும் மேப்புக்குத்தான் வயதாகிவிட்டது. மேப்பை மாற்றிவிட்டால் வால்பாறைச் சாலை மாதிரி போன் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் இந்தப் பெட்டிகள் இன்றும் நன்றாக உழைக்கும்.

மேப் மாற்ற இரண்டு வழி. மாடல் பெயரின் கடைசியில் எல்எம் என்ற எழுத்துகள் இருந்தால் அது வாழ்நாள் மேப் உரிமையோடு வந்தது. கார்மின் எக்ஸ்பிரஸ் மென்பொருளைக் கணினியில் போட்டுப் பெட்டியை இணைத்தால் புது மேப் இருக்கிறதா என்று அதுவே சொல்லும். எல்எம் இல்லாத பெட்டிகளுக்கு, பலர் சேர்ந்து உருவாக்கும் பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து செய்த இலவச மேப்தான் சரியான வழி. தமிழ்நாட்டு ஓட்டத்துக்கு, எல்எம் பெட்டி வைத்திருப்பவர்களும் இதை ஒரு கார்டில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஊர்ப்புறச் சாலை, புறவழிச்சாலை, புதுப் பாலம் ஆகியவற்றில் அது பழைய மேப்பைவிட வெகு தூரம் முன்னால் இருக்கிறது. வீட்டு எண் வைத்து முகவரி தேடுவதில் மட்டும் பின்தங்கும்.

எதையும் தொடுவதற்கு முன் பேக்கப். இங்கேயே பலருக்குத் தடை வந்துவிடும்: கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, கணினியில் டிரைவ் வருவதில்லை. காருக்குள் சார்ஜ் போடும் மினி யுஎஸ்பி கேபிள்கள் பலவற்றில் டேட்டா கம்பியே கிடையாது. டேட்டா போகும் மினி யுஎஸ்பி கேபிளைச் செருகினால் திரையில் கணினிப் படம் ஒன்று வரும், கணினியில் தனி டிரைவாகத் தெரியும். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி கணினியில் அமைத்துக்கொண்டு, அந்த டிரைவில் இருப்பதை மொத்தமாக ஒரு ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். உள்ளே இருக்கும் மூல மேப் அந்தப் பெட்டிக்கு மட்டும் பூட்டப்பட்டது. வேறு நூவியிலிருந்து எடுத்துப் போட்டால் திறக்காது. இடம் போதவில்லை என்று அதை அழித்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. உள் மேப்பைத் தொடாமல், புது மேப்பை மெமரி கார்டில் மட்டும் போடுங்கள். கார்டை உருவினால் பெட்டி பழைய நிலைக்குத் திரும்பிவிடும், இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

கார்டு வாங்கும்போது பெரிதாக வாங்க வேண்டாம். 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வரும், நூவி அதைப் படிக்காது. 200 வரிசை போன்ற ரொம்பப் பழைய பெட்டி என்றால் 2 ஜிபி சாதாரண எஸ்டி கார்டு வம்பில்லாதது. 40, 50 போன்றவற்றுக்கு 8 ஜிபி மைக்ரோ எஸ்டி தாராளம். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது, தென்னிந்தியா முழுவதும் எடுத்தாலும் அந்த எல்லையைத் தொடாது.

மேப்பை பிபிபைக் தளத்தில் வேண்டிய பகுதிக்குக் கட்டம் வரைந்து கேட்டு வாங்கலாம், தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும். கார்மின் வடிவம் கேட்கும்போது லத்தீன்1 (ஆங்கில எழுத்து வகை) என்று குறித்திருப்பதையே எடுங்கள். பழைய நூவியில் தமிழ் எழுத்துரு கிடையாது. யூனிகோடு மேப் போட்டால் ஊர்ப் பெயர் வரவேண்டிய இடத்தில் கட்டமோ கேள்விக்குறியோ நிற்கும். கணினியில் கை பழகியவர்கள் ஜியோஃபேப்ரிக் தளத்தில் இந்தியாவின் தென் மண்டலக் கோப்பை இறக்கி, ஸ்ப்ளிட்டர், எம்கேஜிமேப் என்ற இரண்டு ஜாவா நிரல்களால் தாங்களே மேப் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் ஆங்கிலப் பெயரை முதலில் எடுக்கச் சொல்லலாம், தேடலுக்கான அட்டவணையையும் சேர்த்துக் கட்டலாம்.

இறக்கிய சுருக்கக் கோப்பைப் பிரித்தால் ஐஎம்ஜி என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். கார்டின் மேல்மட்டத்தில் 'கார்மின்' என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் போடவேண்டும். கோப்பின் பெயர் 'ஜிமேப்சப்', ஆங்கிலத்தில் எட்டு எழுத்து: ஜி, எம், ஏ, பி, எஸ், யூ, பி, பி. சப்ளிமென்ட் என்பதன் சுருக்கம் என்பதால் கடைசியில் ஒன்றுக்கு இரண்டு 'பி' வரும். அதில் ஒன்றை விட்டாலும் பழைய பெட்டி மேப்பைக் கண்டுகொள்ளாது, பிழைச் செய்திகூடக் காட்டாது. பெட்டிக்குள் கார்டை வைத்தபடி காப்பி செய்தால் நேரம் இழுக்கும். கார்டு ரீடரில் போட்டுக் காப்பி செய்வது வேகம். முடிந்ததும் முறையாக 'எஜெக்ட்' கொடுத்த பிறகே உருவுங்கள்.

அடுத்தது பலர் தவறவிடும் படி. செட்டிங்ஸ், அதில் மேப், அதில் மேப் இன்ஃபோ. மாடலுக்கு மாடல் பெயர் கொஞ்சம் மாறும். அங்கே பழைய மேப், புது மேப் இரண்டின் பக்கத்திலும் டிக் இருக்கும். பழையதன் டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் ஒரே சாலை இரண்டு கோடாகத் தெரியும், வழி கணக்கிடும்போது எந்த மேப்பை எடுக்கிறது என்றே புரியாது.

கார்டு போட்ட பிறகு பெட்டி 'லோடிங் மேப்ஸ்' என்றபடியே நின்றுவிட்டால் பதற வேண்டாம். அணைத்து, கார்டை எடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். ஒழுங்காகத் திறந்தால் தவறு கார்டில் இருக்கும் மேப்பில்தான். பெரும்பாலும் பாதியில் அறுந்த டவுன்லோடாக இருக்கும்.

முகவரித் தேடலை நம்பாமல் இருக்க, அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. போனில் சென்னை 13.0827, 80.2707 என்று தசமத்தில் வரும். நூவியில் முதலில் அமைந்திருப்பது டிகிரியும் நிமிடமும். 0.0827ஐ 60ஆல் பெருக்கினால் 4.962, ஆகவே சரியான பதிவு 13 டிகிரி 04.962 நிமிடம், 80 டிகிரி 16.242 நிமிடம். தசம எண்ணை அப்படியே 13 டிகிரி 08.27, 80 டிகிரி 27.07 என்று அடித்தால் இடம் வடக்கே 6 கிலோமீட்டரும் கிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரும் தள்ளி, வங்கக் கடலுக்குள் போய் விழும். பதியும் திரையிலேயே ஃபார்மேட் பொத்தான் இருக்கும், தசம டிகிரிக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

நீண்ட தூரத்தில் இலவச மேப் முரண்டு பிடிக்கும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரே மூச்சில் வழி கேட்டால் கணக்கிடுவது பாதியில் நின்றுவிடலாம். விழுப்புரம், திருச்சி, மதுரை என்று இடையில் நிறுத்தங்களைச் சேர்த்தால் போய்விடும். வழித் தேர்வில் 'ஃபாஸ்டர் டைம்' வையுங்கள். 'ஷார்ட்டர் டிஸ்டன்ஸ்' வைத்தால் ஒரு கிலோமீட்டரை மிச்சம் பிடிக்க ஊருக்குள் மாட்டு வண்டிப் பாதையில் இறக்கிவிடும். மண்சாலையைத் தவிர்க்கும் டிக்கையும் போட்டுவையுங்கள்.

மலைச்சாலையில் போய்ச்சேரும் நேரத்தை நம்பக்கூடாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. சாலையின் வகையை வைத்துத்தான் பெட்டி வேகத்தைக் கணக்கிடுகிறது, வளைவுக்கு வளைவு முதல் கியருக்கு இறங்குவது அதற்குத் தெரியாது. மேம்பாலத்தில் இன்னொரு குழப்பம். 2023இல் திறந்த மதுரை நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று பழைய பெட்டி பிரித்தறியாமல் 'ரீகால்குலேட்டிங்' சொல்லும். புது மேப் போட்டாலும் இது தீராது.

மாதக்கணக்கில் அணைத்து வைத்த பெட்டி சேட்டிலைட் பிடிக்க நேரம் எடுத்தால் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். சேட்டிலைட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற முழு அட்டவணை வானிலிருந்து இறங்க 12.5 நிமிடம் ஆகும். மரமும் மாடியும் மறைக்காத இடத்தில் வண்டியை நிறுத்தி 20 நிமிடம் விட்டுவிடுங்கள். அதன் பிறகும் தேதி 19 வருடத்துக்கு மேல் பின்னால் காட்டினால் காரணம் வேறு. ஜிபிஎஸ்ஸின் வார எண்ணிக்கை 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6இல் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். ஃபர்ம்வேர் எனப்படும் பெட்டியின் உள் மென்பொருளைப் புதுப்பித்தால் சில பெட்டிகளில் சரியாகும். புதுப்பிக்கும்போது பேட்டரி முழுதாக இருக்கட்டும், இடையில் கேபிளை அசைக்கவே கூடாது.

நம் வெயிலில் முதலில் போவது பேட்டரி. சித்திரை மாதத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியபடி விட்டுப் போனால் லித்தியம் பேட்டரி ஒரே கோடையில் வீங்கிவிடலாம். திரை ஓரத்தில் கேஸிலிருந்து மெல்லிய இடைவெளி தெரிந்தால் அது வீக்கத்தின் அடையாளம். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்தி பேட்டரியை மாற்றுங்கள், குத்தியோ நெம்பியோ எடுக்க வேண்டாம். காரை நிறுத்தும்போதெல்லாம் பெட்டியைக் கழற்றி நிழலில் வைக்கும் பழக்கம் இருந்தால் இந்தச் செலவே வராது.

இலவச மேப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பழைய கோப்பைக் கணினிக்கு நகர்த்திவிட்டுப் புதியதை அதே பெயரில் போடவேண்டும். சேமித்து வைத்த இடங்கள் பெட்டிக்குள் ஜிபிஎக்ஸ் என்ற ஃபோல்டரில், 'கரண்ட்' என்ற கோப்பில் தனியாக இருக்கும். மேப் மாற்றும் நாளிலேயே அதையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.