ஆர்டிஎக்ஸ் 3050 வாங்குவோர் கவனத்திற்கு

சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த கட்டடம் ஒன்றில், திரையில் தெரியும் படங்களைக் கணித்துத் தரும் பாகமான கிராஃபிக்ஸ் கார்டில், 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3050க்குப் பணம் வாங்கிக்கொண்டு, 6 ஜிபி கார்டைப் பொருத்தி அனுப்பிவிட்டார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படிக்கும் என் மகளுக்காக, பாகங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டித் தரச் சொன்ன கணினி அது. இரண்டு கார்டுகளுக்கும் பெயர் ஒன்றே என்பதுதான் இந்த ஏமாற்றுக்கு வசதி செய்து தருகிறது. கடைக்காரர் ரசீதில் பொய் எதையும் எழுத வேண்டியதில்லை, உண்மையைப் பாதியோடு நிறுத்திக்கொண்டாலே போதும்.

இந்தக் கார்டுகளின் சிப்பை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் 8 ஜிபி கார்டை 2022 ஜனவரியிலும் 6 ஜிபி கார்டை 2024 பிப்ரவரியிலும் வெளியிட்டது. நினைவகத்தில் 2 ஜிபி குறைவு, மற்றபடி இரண்டும் ஒன்றுதான் என்றே பெட்டியைப் பார்க்கும் எவருக்கும் தோன்றும். ஆனால் முதல் கார்டில் 2560 கியூடா கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்) இருக்க, இரண்டாவதில் 2304 மட்டுமே உள்ளன. பூஸ்ட் வேகம், அதாவது வேலை மிகும்போது சிப் எட்டும் வேகம், 1777 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1470க்கு இறங்கியிருக்கிறது. கோர்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால், கணக்கிடும் திறனில் ஏறத்தாழ கால் பங்கு அங்கேயே போய்விடுகிறது. நினைவகத்துக்கும் சிப்புக்கும் நடுவே தரவு ஓடும் பாதையின் அகலமும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியதால், விநாடிக்கு 224 ஜிபி என்றிருந்த தரவு ஓட்டம் 168 ஜிபியாகிவிட்டது. அதுவும் சரியாகக் கால் பங்கு குறைவு. மின்தேவை 130 வாட்டிலிருந்து 70 வாட்டாகக் குறைந்தது ஒன்றுதான் இதில் நல்ல செய்தி.

அந்த 70 வாட்தான் எனக்கு உண்மையைக் காட்டிக்கொடுத்தது. பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஒரே கோப்பை ரெண்டர் செய்ய (இறுதிப் படமாக்க), அதே 3050 வைத்திருக்கும் தோழியின் கணினியைவிடத் தன்னுடையது நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, பவர் சப்ளையிலிருந்து வரும் 8 பின் கேபிள், பிளாஸ்டிக் பட்டையால் கட்டப்பட்டபடி மூலையில் சும்மா கிடந்தது. கார்டில் அதைச் செருகுவதற்கான இடமே இல்லை. மதர்போர்டின் செருகுவாய் வழியாக ஒரு கார்டுக்கு 75 வாட் வரைதான் கிடைக்கும் என்பதால், 130 வாட் கேட்கும் கார்டு தனிக் கேபிள் இல்லாமல் ஓடவே முடியாது. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவசச் செயலியை நிறுவிப் பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்டிஎக்ஸ் 3050 என்று சரியாகத்தான் இருந்தது. கீழே 2304, 96 பிட், 6 ஜிபி என்று எல்லாமே மற்ற கார்டின் எண்களாக இருந்தன.

கடைக்குப் போய்க் கேட்டபோது, கல்லாவில் இருந்த இளைஞர், "அண்ணே, 3050 கேட்டீங்க, 3050தானே குடுத்திருக்கோம்" என்றார். ரசீதில் 'ஆர்டிஎக்ஸ் 3050 ஜிடிடிஆர்6' என்று மட்டுமே இருந்தது. நினைவக வகையை எழுத இடமிருந்தவர்களுக்கு அளவை எழுத இடமில்லாமல் போயிற்று. விலை பேசியபோது அவர்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் 'ஐ5, 16ஜிபி ரேம், 3050 8ஜிபி' என்றிருந்ததைக் காட்டினேன். அந்த 8 ஜிபி கார்டைக் குறிப்பதல்ல, கணினியின் பொது நினைவகமான ரேமைக் குறிப்பது என்றார். ரேம் 16 என்று அதே வரியில் இருக்கிறதே, தம்பி, என்றதும், அன்றைக்கு 8 ஜிபி இருப்பில் இல்லை, இரண்டும் ஓட்டத்தில் ஒன்றுதான், பூட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பேச்சு மாறிக்கொண்டே போனது. கடைசியில் ஐம்பது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) பற்றுச்சீட்டு (வவுச்சர்) தருவதாகச் சொன்னார்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

6 ஜிபி கார்டு மோசமான பொருள் என்று நான் சொல்லவரவில்லை. கூடுதல் மின்கேபிள் இல்லாத பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கி வீட்டுக்குப் பயன்படுத்துவோருக்கு அது உண்மையிலேயே நல்ல தேர்வு. அதை அதன் விலைக்கு, அதன் பெயரைச் சொல்லி விற்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இப்படி ஒரே பெயரில் இருவேறு கார்டுகள் வருவதும் புதிதன்று. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டின் 6 ஜிபி வகையில் 1280 கோர்கள், 3 ஜிபி வகையில் 1152. ஜிடி 1030 இன்னும் கொடுமை: ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்ட வகையில் விநாடிக்கு 48 ஜிபி என்றிருந்த தரவு ஓட்டம், 2018இல் வந்த டிடிஆர்4 நினைவக வகையில் 16.8 ஜிபியாகிவிட்டது. ஆர்டிஎக்ஸ் 3060இலும் 12 ஜிபி கார்டுக்கு 192 பிட், 8 ஜிபி கார்டுக்கு 128 பிட். 2022 அக்டோபரில், 9728 கோர்கள் கொண்ட 16 ஜிபி கார்டுக்கும் 7680 கோர்கள் கொண்ட 12 ஜிபி கார்டுக்கும் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரை வைத்த என்விடியா, எதிர்ப்பு வலுத்ததும் 12 ஜிபி வகையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. விலை உயர்ந்த கார்டுக்கு எழுந்த கூச்சல் மலிவான கார்டுக்கு எழுவதில்லை. ஆகவே பழைய கையிருப்போ பயன்படுத்திய கார்டோ வாங்குவோரும் இந்தப் பெயர்களில் விழிப்பாக இருப்பது நல்லது.

சொன்னபடி இல்லாத பொருளுக்கு இங்கே சட்டத்தில் வழி இருக்கிறது. 'லெமன் லா' என்று எல்லாரும் சொல்லும் சட்டவிதிகள் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. ஒப்பந்தத்துக்குப் பொருந்தாத குறை ஆறு மாதத்துக்குள் தெரியவந்தால், அது பொருளைக் கொடுக்கும்போதே இருந்ததாகவே கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது. பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்டபின், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகப் பதிவு செய்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும், இரு தரப்பிலும் வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை. ரசீது, வாட்ஸ்அப் பட்டியல், ஜிபியு-இசட் திரையின் படம், செருகப்படாத கேபிளின் புகைப்படம் ஆகியவற்றை இணைத்தேன். இவற்றுள் எடை அதிகம் அந்த வாட்ஸ்அப் வரிக்குத்தான். ஆகவே விலை பேசுவதை வாய்வார்த்தையோடு விடாமல், கார்டின் நினைவக அளவு, பிட் அகலம், தொடர் எண் மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

நடுவர் மன்றத்தின் அறிவிப்பு கிடைத்ததும் கடையிலிருந்து அழைத்தார்கள். சில நாள்களுக்கு முன்பு இருப்பில் இல்லாத 8 ஜிபி கார்டு இப்போது இருந்தது. அதைப் பொருத்தி, 8 பின் கேபிளைச் செருகி, கணினியை அங்கேயே இயக்கச் சொன்னேன். 2560, 128 பிட் என்ற இரண்டு எண்களையும் திரையில் பார்த்து, புதிய தொடர் எண்ணுடன் திருத்திய ரசீதை வாங்கிய பிறகே கோரிக்கையை மீட்டுக்கொண்டேன்.