லொறியில் வரும் ‘ஒட்டு’ மாங்கன்று: காசு கொடுக்குமுன் ரேப்பை (பொலித்தீன் நாடாவை) அவிழ்த்துப் பாருங்கள்

மாரி தொடங்கப் போகிறது. லொறியில் கன்று ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு மாவட்டத்தின் மாங்குளம், ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்து உள்வீதிகளில் விற்கிற ஆட்கள் இந்த முறையும் வருவார்கள். போன மாரியில் அவர்களிடம் வாங்கி நட்ட காணிகளைப் பார்த்த பிறகு இதை எழுதுகிறோம். “ரொம் ஈ.ஜே.சி ஒட்டு, மூண்டாம் வருசம் காய்க்கும்” என்று மா இனத்தின் பெயர் சொல்லித் தந்ததில் பெரும்பகுதி, நல்ல இனத்தின் கொப்பு ஒட்டப்படாத, விதையில் முளைத்த வெறும் விதைக்கன்று. பற்றுச்சீட்டில் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. இருந்த ஒரு தொலைபேசி இலக்கமும் இப்போது வேலை செய்வதில்லை.

செய்கிற வேலை இதுதான். விதைக்கன்றின் தண்டில் நிலத்திலிருந்து 15–20 செ.மீ. உயரத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, சில வேளை அதுவும் போடாமல், பொலித்தீன் ரேப்பைச் சுற்றிவிடுகிறார்கள். ரேப் சுற்றியிருந்தால் ஒட்டு என்று நம்புகிறோமே, அந்த நம்பிக்கையைத்தான் விற்கிறார்கள். ரேப்பை அவிழ்த்தால் விசயம் வெளிக்கும். உண்மையான ஆப்பு ஒட்டில் (கொப்பின் அடியை ஆப்பாகச் சீவிப் பிளந்த தண்டில் செருகுவது) தண்டின் இரண்டு பக்கமும் கீழ்நோக்கிக் கூராகும் தழும்பு இருக்கும், அந்த இடம் சற்றுப் புடைத்திருக்கும், மேலும் கீழும் பட்டையின் நிறமும் தடிப்பும் பெரும்பாலும் வேறுபடும். பொய்க் கன்றில் அடியிலிருந்து நுனிவரை ஒரே பட்டைதான், கீறல் இருந்தாலும் ஒரு பக்கத்தில் மட்டும். “அவிழ்த்தால் கன்று பட்டுப்போகும்” என்று தடுப்பார்கள். ஒட்டுப் பொருந்தி மேலே இரண்டு தரம் தளிர்த்த கன்றுக்கு அவிழ்ப்பதால் ஒன்றும் ஆகாது. மாறாக, அவிழ்க்காமல் நட்டால்தான் தண்டு பெருக்கும்போது ரேப் இறுகி நெரித்து, காற்றுக்கு அந்த இடத்தில் முறியும்.

இன்னொரு வகை, ஒட்டியது உண்மை, ஆனால் ஒட்டுக்கிளை செத்துவிட்டது. ரேப்புக்கு மேலே கறுத்த கட்டை ஒன்று நிற்கும், பச்சைக் கொப்பு ரேப்புக்குக் கீழிருந்து கிளம்பியிருக்கும். அது ஒட்டுக்கட்டையின், அதாவது அடியில் நிற்கும் விதைக்கன்றின் தளிர். வளர்ந்தால் கிடைப்பது நாட்டு மாங்காய், அதுவும் 6, 7 வருடம் காத்திருந்த பிறகு. பையிலேயே காயோடு நிற்கிற கன்றைக் கண்டு மயங்கவும் வேண்டாம். அந்த வயதில் காய் கன்றின் பலத்தை உறிஞ்சும். நல்ல ஒட்டுக்கன்றில்கூட முதல் இரண்டு வருடம் பூவைக் கிள்ளிவிட வேண்டும்.

அடுத்தது வேர். பையின் அடியைப் புரட்டிப் பாருங்கள். புதிதாக வெட்டுப்பட்ட தடித்த வேர் நுனி தெரிந்தால், வேர் பையைத் துளைத்து நிலத்தில் இறங்கியிருந்து, ஏற்றும்போது அறுக்கப்பட்டது என்று அர்த்தம். நட்டு ஒன்றிரண்டு கிழமையில் இலை சோரும். “உங்கட கிணத்துத் தண்ணி சரியில்லை” என்ற பதில் தயாராக இருக்கும். பைக்குள் ஆணிவேர் சுருண்டு கிடந்தால் அது இன்னும் மோசம், ஏனென்றால் உடனே தெரியாது. மாரி முழுக்கப் பச்சையாக நிற்கும், வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்றும் (தென்மேற்குக் காற்று) வெயிலும் சேர்ந்ததும் சாயும், காயும். ஐம்பது கன்று வாங்குகிறவர் ஒன்றுக்குக் காசு கொடுத்து, விற்பவர் முன்னாலேயே பையைக் கிழித்து மண்ணை உதறிப் பார்ப்பது நட்டமில்லை. அதற்குச் சம்மதிக்காதவரிடம் மிச்சத்தை வாங்கக் கூடாது.

“ஏக்கருக்கு நூறு” என்பதும் கன்று தள்ளுகிற கணக்குத்தான். கறுத்தக்கொழும்பான் போலப் பரந்து வளரும் இனத்துக்கு 10 மீற்றர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 40 கன்றுதான் போகும்.

அதே லொறியில் ‘திசு வளர்ப்புத் தேக்கு, பத்து வருடத்தில் மரம் லட்சக்கணக்கில்’ என்றும் சொல்கிறார்கள். ஒரு மரத்தில் எத்தனை கன அடி தேறும் என்ற கணக்கை நீங்களே போடலாம். சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் பிரித்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144 ஆல் பிரித்தால் கன அடி. 24 அங்குலச் சுற்றளவு, 8 அடி நீளம் என்றால் 2 கன அடி. இளமரத்தில் அதிலும் பெரும்பங்கு வெள்ளை (வெளிப்பக்க மென்மரம்), வைரம் (உள்பக்கக் கடுமரம்) கொஞ்சம். மாரியில் தண்ணீர் நிற்கும் களிப் பள்ளத்தில் தேக்கு அந்த அளவுக்கும் வராது. வெட்டி ஏற்ற வனத் திணைக்கள அனுமதி தேவை என்பதை விற்பவர் யாரும் சொல்வதில்லை.

வாங்குவதென்றால் பதிவுசெய்த நாற்றுமேடையில் வாங்குங்கள். எது பதிவுள்ளது என்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 இலோ கேட்கலாம். பற்றுச்சீட்டில் இனத்தின் பெயரும் ‘ஒட்டுக்கன்று’ என்ற சொல்லும் எழுதுவித்து, லொறியின் இலக்கத்தையும் குறித்து வையுங்கள். முறைப்பாட்டுக்கு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.

ஏற்கெனவே நட்டவர்கள் ஆத்திரத்தில் பிடுங்கிவிடாதீர்கள். வேர் நல்லதென்றால் அந்த விதைக்கன்று உங்களுக்கு ஒட்டுக்கட்டை. தண்டு பென்சில் தடிப்பு வந்ததும் நின்ற இடத்திலேயே ஒட்டலாம். காய்த்துப் பார்த்த மரத்தில், அறுவடைக்குப் பின் விட்டு முற்றிய தளிரைத் தெரிந்தெடுத்து, காம்பை மட்டும் விட்டு இலைகளை நறுக்குங்கள். 7–10 நாளில் காம்புகள் உதிர்ந்து நுனி மொட்டுப் புடைக்கும்போது 10–15 செ.மீ. நீளத்தில் வெட்டி எடுங்கள். பூக்கிற காலத்துக் கொப்பு வேண்டாம், அதில் பூத்தான் வரும். அடியை 3–4 செ.மீ. ஆப்பாகச் சீவி, தலை வெட்டிய தண்டைப் பிளந்து செருகுங்கள். தடிப்பு ஒத்துவராவிட்டால் ஒரு பக்கத்துப் பட்டையாவது பட்டையோடு சேர வேண்டும். இறுக்கிச் சுற்றி, மேலே ஐஸ் பக்கற் பை (ஒடுங்கிய பொலித்தீன் பை) ஒன்றைக் கவிழ்த்துக் கட்டி, நிழலுக்கு ஓலை குத்துங்கள். கடும் மழை நாளில் செய்ய வேண்டாம், வெட்டுக்குள் தண்ணீர் போனால் அழுகும். மூன்று கிழமையளவில் தளிர் தெரியும். பையை மாலை நேரத்தில் கழற்றுங்கள், ரேப்பை இரண்டு மூன்று மாதம் கழித்து அவிழுங்கள். அதுவரை ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிழமைக்கு ஒரு தடவை கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.