பிஐடியா, எஃப்ஐடியா?

காற்றில் பென்சீன், டொலுவீன் மாதிரி கரிம ஆவி எவ்வளவு என்று பார்க்கக் கைக்கருவி தேடுபவர்கள் பெரும்பாலும் பிஐடி (ஒளியால் அயனியாக்கி அளக்கும் கருவி), எஃப்ஐடி (சுடரால் அயனியாக்கி அளக்கும் கருவி) என்ற இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

வேலை செய்யும் விதம்
பிஐடி: புற ஊதா விளக்கு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும்.
எஃப்ஐடி: ஆவியை ஹைட்ரஜன் சுடரில் எரித்து அயனிகளை அளக்கும்.

எதைக் காட்டும்
பிஐடி: வழக்கமான விளக்கின் ஒளி ஆற்றல் 10.6 எலக்ட்ரான் வோல்ட். பென்சீனிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 9.24 போதும், சட்டென்று காட்டிவிடும். மீத்தேனுக்கு 12.6 வேண்டும், பக்கத்திலேயே கசிந்தாலும் திரை அசையாது. புரொப்பேனும் மெத்தனாலும்கூடச் சிக்காது. 11.7 விளக்கு போட்டால் இவை இரண்டும் தெரியும். ஆனால் அதன் லித்தியம் ஃபுளோரைடு சன்னல் ஈரத்தில் சீக்கிரமே பாழாகும். தினசரி வேலைக்கு அது காசுக்குப் பிடித்த கேடு.
எஃப்ஐடி: மீத்தேன் உட்படப் பெரும்பாலான ஹைட்ரோகார்பன்கள்.

ஈரப்பதம்
பிஐடி: மழைக்காலத்தில் குறைத்துக் காட்டும்.
எஃப்ஐடி: பெரிதாகக் கண்டுகொள்ளாது.

சுமை, செலவு
பிஐடி: ஒரு கையில் அடங்கும். விளக்கை அவ்வப்போது துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.
எஃப்ஐடி: கனம், விலை இரண்டும் கூடுதல். ஹைட்ரஜன் நிரப்பும் தொல்லை வேறு.

சரி, எதை வாங்குவது? பெயின்ட் பட்டறை, கரைப்பான் கிடங்கு, பெட்ரோல் கசிந்த மண் என்றால் யோசிக்காமல் பிஐடி. குப்பைக்கிடங்கு வாயு, மீத்தேன் கலந்த குழாய்க் கசிவு என்றால் எஃப்ஐடிதான். எந்த ஆவி என்ற பெயரை இரண்டுமே சொல்லாது. பிஐடியை ஐசோபியூட்டிலீன் என்ற வாயுவை வைத்து அளவுதிருத்தியிருப்பார்கள். அதனால் பென்சீனுக்குத் திரையில் வரும் எண்ணை ஏறத்தாழ 0.5-ஆல் பெருக்க வேண்டும்.